அன்று சொன்னதும் இன்று சொல்வதும்

(இளைஞர்களும் வணிகர்களும் பங்கேற்ற சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  





ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். இரவு பத்து மணி. கடையை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜீப் வந்து நிற்கிறது. "சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போகிறீர்கள். கேட்கிறார்கள், சொல்கிறீர்கள். பயத்தில் சிலதை மறைக்கிறீர்கள். குழப்பத்தில் சிலதை மாற்றிச் சொல்கிறீர்கள். அடிக்குப் பயந்து, சொல்லாததையும் சொன்னதாக ஒப்புக்கொள்கிறீர்கள். விடியும்போது உங்கள் முன் நாலைந்து தாள்கள். "இதுல ஒரு கையெழுத்து போடு, காலையில அனுப்பிடறோம்."

ஆண்டுகள் ஓடுகின்றன. வழக்கு விசாரணைக்கு வருகிறது. உங்கள் தரப்பைச் சொல்லக் கூண்டில் ஏறுகிறீர்கள். அரசு வழக்கறிஞர் எழுந்து கேட்கிறார்: "அன்றைக்கு நீர் இப்படிச் சொல்லவில்லையே! அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

அன்று சொன்னது பொய் என்றால் நீங்கள் பொய்யர். இன்று சொல்வது பொய் என்றாலும் நீங்கள் பொய்யர். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி!

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டா? எந்த வாக்குமூலத்தை வைத்துக் கேட்கலாம், எதை வைத்துக் கேட்கக்கூடாது? இதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். சட்டத்தைப் படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று எண்ணி இதை ஒதுக்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் இளமை இந்த ஒரு கேள்வியில் கரைந்து போயிருக்கிறது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

போலீசிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அன்று. நம் முன்னோர்கள் பட்ட அடியிலிருந்து பிறந்த விதி.

1855-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை குறித்து விசாரிக்க அமைக்கப்பட்ட கமிஷன் அறிக்கை தந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதும், அண்ணாந்தாள் கட்டி ஆளை வளைத்து வெயிலில் நிறுத்தியதும் அதில் பதிவாகின. இத்தகைய கொடுமைகளைக் கண்ட பிறகுதான் 1861-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்று ஆங்கிலேயர்களே எழுதினார்கள். 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவாக அது நிலைபெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் அதுவே 23-வது பிரிவு. எண் மாறியது, விதி மாறவில்லை.

வெள்ளைக்காரனே நம்பாத அந்த ஒப்புதலை நம்பலாம் என்று சட்டம் போட்டது யார் தெரியுமா? சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம்! அதைப் பிறகு சொல்கிறேன்.

இருக்கும் பாதுகாப்பு என்ன?

மூன்று விஷயங்களை மனதில் பதியுங்கள்.

ஒன்று. போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக்கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162-வது பிரிவும், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-வது பிரிவும் இதைச் சொல்கின்றன. அந்த வாக்குமூலத்தை எதற்குப் பயன்படுத்தலாம்? அரசுத் தரப்புச் சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் அவரை மறுப்பதற்கு மட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லக் கூண்டில் ஏறினால் அவர் அரசுத் தரப்புச் சாட்சி அல்லர். ஆகவே அவர் போலீசிடம் சொன்னதாக எழுதப்பட்டதை எடுத்து அவர் முகத்தில் வீச முடியாது. அன்றைக்குச் சாட்சியாக விசாரிக்கப்பட்டுப் பிறகு குற்றவாளியாக்கப்பட்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1939-லேயே பக்கால நாராயணசாமி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

இரண்டு. கூண்டில் ஏறியே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களே எழுதிக் கேட்டால்தான் ஏற்றலாம். ஏறாமல் இருந்தால், "இவர் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ விமர்சிக்கக்கூடாது. பழைய 315, இன்று 353.

மூன்று. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எந்தக் குற்றவாளியையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. இது நீதிமன்றத்தில் மட்டுமல்ல, காவல் நிலையத்திலும் செல்லும் என்று 1978-ல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் போட்ட வழக்கில் கிடைத்த உரிமை, பெட்டிக்கடை வைத்திருக்கும் உங்களுக்கும் உண்டு.

அமெரிக்காவைப் பாருங்கள். 1966-ல் மிரண்டா வழக்கில், உரிமைகளை எடுத்துச் சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றார்கள். உலகமே பாராட்டியது. ஐந்தே ஆண்டில், 1971-ல், ஹாரிஸ் எதிர் நியூயார்க் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வேறு சொன்னது. குற்றத்தை நிரூபிக்க அந்த வாக்குமூலம் உதவாதாம். ஆனால் குற்றவாளி கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால், அவர் நம்பத்தகாதவர் என்று காட்ட அதைப் பயன்படுத்தலாமாம்! முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை இது. நம் நாட்டில் போலீஸ் வாக்குமூலத்துக்கு அந்தக் கொல்லைப்புறக் கதவும் அடைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் மேலானது. அதைக் காத்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஓட்டைகள் எங்கே?

அப்படியானால் பயமில்லையே என்று எழுந்து போய்விடாதீர்கள். ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, பொருள் கைப்பற்றுதல். போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும். 1946-ல் புலுகுரி கோட்டய்யா வழக்கு. நம் பழைய சென்னை மாகாணத்து வழக்குதான். குத்தியதையும் சொல்லி, ஈட்டியை ஒளித்து வைத்ததையும் சொன்னதாக வாக்குமூலம். ஒளித்து வைத்ததைச் சொன்ன வரி மட்டும் செல்லும், குத்தியதைச் சொன்ன வரி செல்லாது என்றது பிரிவி கவுன்சில். நம்மூரில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டி வந்து, ஒப்புதல் வாக்குமூலம், பறிமுதல் மகஜர் என்று எழுதி முடிப்பார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் ஒப்புதல். பழைய 164, இன்று 183. இது சட்டப்படி செல்லும். இதில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். இதை மாற்றிச் சொன்னால் அரசு வழக்கறிஞர் உங்களை மடக்கலாம். ஆனால் அந்த மாஜிஸ்திரேட், ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் உனக்கே எதிராக வரும் என்று எச்சரித்தாக வேண்டும். "எனக்கு விருப்பமில்லை" என்று நீங்கள் சொல்லிவிட்டால், உங்களைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது. இந்த ஒரு வாசகம் தெரியாமல் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்!

மூன்றாவது, போலீஸ் அல்லாதவர்களிடம் சொன்னது. மேலே சொன்ன தடை போலீசிடம் சொன்னதற்கு மட்டும்தான். நண்பனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, உறவினருக்கு எழுதிய கடிதம், பத்திரிகைப் பேட்டி எல்லாமே உங்களை மறுக்கப் பயன்படும். மஹல்லா ஜமாஅத்தில் பஞ்சாயத்து பேசி, "தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்த கடிதமும் அப்படித்தான். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு இது என் வேண்டுகோள். கிரிமினல் வழக்காக மாறக்கூடிய விவகாரத்தில் அவசரப்பட்டு யாரிடமும் எழுதி வாங்காதீர்கள்.

அடிதடி நடந்ததும் ஓடிப்போய் நீங்களே கொடுக்கும் புகாரும் இதில் சேரும். பின்னால் நீங்களே குற்றவாளி ஆகிவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் புகார் உங்களுக்கு எதிராகச் செல்லாது என்று 1965-ல் அக்னூ நகேசியா வழக்கில் சொன்னார்கள். ஒப்புதல் எதுவும் இல்லாத புகார் உங்களுக்கு எதிராகவே திரும்பும் என்று 1964-ல் ஃபட்டி வழக்கில் சொன்னார்கள். பதற்றத்தில் புகார் எழுதாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

வணிகர்கள் கவனிக்க!

இனி சொல்வது வியாபாரிகளுக்கும், வெளிநாடு போய் வரும் தம்பிகளுக்கும்.

சுங்க இலாகா அதிகாரி சட்டத்தின் கண்ணில் போலீஸ் அல்லர். சுங்கச் சட்டம் 108-வது பிரிவில் சம்மன் அனுப்பி அவர் வாங்கும் வாக்குமூலம் கையெழுத்தோடு செல்லும். 1968-ல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் முடிவான சட்டம் இது. அங்கே பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று நம் தமிழகத்திலிருந்து போன பூல்பாண்டி வழக்கில் கேட்டார்கள். 1992-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. பிறகு சில வழக்குகளில், வழக்கறிஞர் பார்க்கும் தூரத்தில், பேச்சு காதில் விழாத தூரத்தில் இருக்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள்.

அமலாக்கத்துறையும் அப்படித்தான். 2022-ல் விஜய் மதன்லால் சவுத்ரி வழக்கில், அவர்கள் போலீஸ் அல்லர், அவர்களிடம் தரும் வாக்குமூலம் செல்லும் என்றார்கள். 2024-ல் பிரேம் பிரகாஷ் வழக்கில் ஒரு கதவு திறந்தது. ஒரு பண மோசடி வழக்கில் காவலில் இருப்பவரிடம், இன்னொரு வழக்குக்காக வாங்கிய வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

போதைப்பொருள் வழக்குகளில் பெரிய மாற்றம் நம் மாநிலத்து வழக்கால் வந்தது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர் 29. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே, 67-வது பிரிவில் அவர்களிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எதிரில் இருப்பவர் எந்த இலாகா என்பதைப் பொறுத்து உங்கள் கையெழுத்தின் விலை மாறுகிறது. ஆகவே யார் கேட்கிறார்கள், எந்தச் சட்டப்படி கேட்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாத மொழியில் எழுதியிருந்தால், "இந்த மொழி எனக்குத் தெரியாது" என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். மிரட்டி வாங்கியிருந்தால், முதல் வாய்ப்பிலேயே எழுத்து மூலம் மறுத்துவிடுங்கள். 1997-ல் பவுன்னி வழக்கில், பின்னால் மறுக்கப்பட்ட ஒப்புதலையும் அது தானாக முன்வந்து தந்ததுதானா என்று பரிசீலித்து ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். மாதக்கணக்கில் தாமதித்துச் செய்யும் மறுப்பை, வக்கீல் சொல்லிக் கொடுத்த மறுப்பு என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

தடாவும் பொடாவும் செய்த வேலை

நாடாளுமன்றத்தின் கதையைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

1987-ம் ஆண்டுத் தடா சட்டத்தின் 15-வது பிரிவு, போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற சுவர் ஒரே பிரிவில் இடிந்தது. 1994-ல் கர்த்தார் சிங் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அதைச் செல்லும் என்றார்கள். இரண்டு நீதிபதிகள் ஏற்க மறுத்தார்கள். 1995-ல் தடா காலாவதியானது. 2002-ல் பொடா அதே விஷத்தை 32-வது பிரிவாகக் கொண்டு வந்தது. 2004-ல் அதுவும் நீக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் மோக்கா சட்டத்தில் 18-வது பிரிவாக அது இருக்கிறது.

விளைவு என்ன? பேரறிவாளனை நினைத்துப் பாருங்கள். 1991-ல் பத்தொன்பது வயதில் கைது. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடாவில் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் ஆதாரம். ராஜீவ் கொலை வழக்கில் தடா குற்றமே பொருந்தாது என்று 1999-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், தடாவில் வாங்கிய ஒப்புதல் மட்டும் செல்லும் என்றது! பல ஆண்டுகள் கழித்து, 2013-ல், அதைப் பதிவு செய்த அதிகாரியே வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். விடுபட்ட அந்த ஒரு வரிதான் வழக்கின் உயிர். 2022 மே 18-ல் விடுதலை ஆனார். முப்பத்தோரு ஆண்டுகள்!

அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கு. பொடா ஒப்புதல்கள் முக்கிய ஆதாரம். மூவருக்குத் தூக்கு. 2014 மே 16-ல் உச்ச நீதிமன்றம், அந்த ஒப்புதல்கள் சட்டம் சொன்ன முறைப்படி பெறப்படவில்லை என்று ஒதுக்கி, ஆறு முஸ்லிம்களையும் விடுதலை செய்தது. அவர்களில் சிலர் பத்தாண்டுக்கும் மேல் சிறையில் கழித்திருந்தார்கள். 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில், மோக்கா ஒப்புதல்களை நம்ப முடியாது என்று கூறி 2025 ஜூலை 21-ல் மும்பை உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்றது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் சொன்னது. அந்த வழக்குகளில் இறந்த அப்பாவிகளின் குடும்பங்களுக்கும் இந்த முறை நீதி தரவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பொய் ஒப்புதல் வாங்கும் போலீஸ் உண்மைக் குற்றவாளியைத் தேடுவதை நிறுத்திவிடுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "தனக்கே பாதகமாக இருந்தாலும் உண்மை பேச வேண்டும் என்பதுதானே நம் மார்க்கம்? மௌனமாக இருக்கச் சொல்கிறீர்களே?"

நல்ல கேள்வி. மௌனம் வேறு, பொய் வேறு. பொய் சொல்லச் சொல்லி இந்த மேடையில் ஒருக்காலும் சொல்லமாட்டேன். அடுத்தவரின் உரிமையைப் பறித்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து, பாவமன்னிப்புத் தேடியாக வேண்டும். குற்றவாளியைத் தப்பவைக்கக் கூடிய கூட்டமல்ல இது.

ஆனால் அடித்து வாங்கிய சொல் யாருடைய சொல்? அம்மார் பின் யாசிர் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். தாயும் தந்தையும் கொல்லப்பட்டார்கள். தாங்க முடியாத வேதனையில், எதிரிகள் கேட்ட சொல்லை அவர் வாய் சொல்லிவிட்டது. அழுதுகொண்டே வந்தார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய உள்ளம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். ஈமானில் உறுதியாக இருக்கிறது என்றார். அவருக்கு ஆறுதல் கிடைத்தது. கட்டாயத்தில் பெற்ற ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்று நம் இமாம்கள் எழுதி வைத்தது இந்த வழியில்தான்.

என்ன செய்ய வேண்டும்?

விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்து மூலம் நோட்டீஸ் கேளுங்கள். வீட்டாருக்கும் வழக்கறிஞருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். கைதானால் விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்து, எந்த நிலையிலும் கூடாது.

இருபத்து நான்கு மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அந்த இரண்டு நிமிடம் மிக முக்கியம்! அடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள், மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். அன்று வாய் மூடி இருந்தால், ஆண்டுகள் கழித்து, "மாஜிஸ்திரேட்டிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். அன்றைய மௌனமே உங்களுக்கு எதிரான வாக்குமூலமாகும்.

ஜாமீன் மனுவில் ஒன்று, நீதிபதி கேட்கும்போது ஒன்று, கூண்டில் ஒன்று என்று மூன்று கதை சொல்லாதீர்கள். ஊரில் இருந்துகொண்டு ஊரில் இல்லை என்று சாதிக்காதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் நீங்கள் சொன்ன ஒன்பது உண்மைகளும் அதோடு போகும். குற்றப்பத்திரிகையோடு சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை வரிவரியாகப் படியுங்கள். கூண்டில் சாட்சி மாற்றிச் சொன்னால் அதே ஆயுதம் இப்போது உங்கள் வழக்கறிஞர் கையில்!

சகோதரர்களே, இது நம் சமுதாயத்தின் பிரச்சினை மட்டுமன்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்களே, அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர்களும் வியாபாரிகள். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அது இருக்கிறதா? வேலை செய்கிறதா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரவு பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வரக்கூடிய ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

அன்று சொன்னதும் இன்று சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டும் உண்மையாக இருக்கட்டும். நாம் சொல்லாத எதன் கீழும் நம் கையெழுத்து இல்லாதிருக்கட்டும்.